நனையாத தலை

மோட்டார் கொட்டகையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே நான், என் சைக்கிள், கம்பிகள் மேல்நோக்கி மடங்கிப்போன ஒரு குடை. கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணி இருக்கும்.

கைக்குட்டையால் தலையைத் துடைத்தேன். மறுபடி தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கழுத்துக்குக் கீழே நான் ஆற்றில் விழுந்து எழுந்தவன் மாதிரி இருந்தேன். வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது, சட்டைப் பையில் பேனா மை கசிந்து நெஞ்சில் ஒரு நீலத் தீவு. ஆனால் தலை காய்ந்திருந்தது. அதில் எனக்கு ஒரு திருப்தி.

அங்கிருந்து முக்கால் மைலில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில், ரஹ்மத் என்கிற பெண் என் சைக்கிள் மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அவளை என் வீட்டுக்கு அழைத்து வர எனக்கு அரை மணி நேரம் கொடுக்கப்பட்டிருந்தது. அதில் இருபது நிமிடத்தை நான் என் தலைக்குக் கொடுத்தேன்.

இந்தத் தொடரில் இதுவரை எழுதியவற்றில் நான் கொஞ்சம் அசடு, அவ்வளவுதான். இந்த வாரம் அப்படித் தப்பிக்க முடியாது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு முன்னால் உரியவர்களிடம் சொல்லியும்விட்டேன்.

தொப்பிகளின் வரலாறு

முதலில் தலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு சைனஸ் உண்டு. ஒரு துளி மழை உச்சியில் விழுந்தால் மறுநாள் மூக்கு அடைத்துவிடும் என்பது என் நம்பிக்கை. டாக்டர் அப்படிச் சொன்னதில்லை. நான்தான் அவரிடம் சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பூகோளம் நடத்துகிற எனக்குப் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து நான்கு மைல். போக வர எட்டு. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் மழை மேலிருந்து மட்டும் பெய்யாது. வயல்வெளியில் தடுக்க ஒன்றும் இல்லாததால் பக்கவாட்டில் வரும். ஆற்றங்கரைச் சாலையில் போகிறவனுக்குக் கீழேயிருந்தும் தெறிக்கும்.

குடையில்தான் ஆரம்பித்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் ஹேண்டில் பார். காற்று எதிரே வந்தால் குடையை முன்னால் சாய்க்க வேண்டும். சாய்த்தால் தெரிவது முன் சக்கரமும் இரண்டு அடி சாலையும் மட்டும். அப்படித்தான் ஒரு நாள் எருமையின் மேல் மோதினேன். எருமை நகரவில்லை. நான் மட்டும் நகர்ந்து போய் வாய்க்காலில் உட்கார்ந்தேன். குடைக் காம்பைச் சட்டைக் காலருக்குள் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு இரண்டு கையையும் விட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. நானும் செருகினேன். காற்று குடையைத் தூக்கியபோது காலர் என் தொண்டையை இறுக்கியது.

அடுத்தது, கும்பகோணத்து ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை. அதைத் தலையில் கவிழ்த்து, காதை மூடி, கைப்பிடிகளைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட வேண்டும். மழை படாது. ஆனால் அரை மைல் மிதித்தபின் உள்ளே வேர்த்து, தலை தன் சொந்தத் தண்ணீரில் நனைந்துவிடும். காதுக்குள் யாரோ ஓயாமல் வடை பொரிக்கிற சத்தம். பின்னால் வருகிற பஸ்ஸின் ஹாரன் கேட்காது. பட்டுப்புடவை விளம்பரத்தோடு நான் பள்ளிக்குள் நுழைந்த அன்று, பத்தாம் வகுப்பு எழுந்து நின்று வணக்கம் சொல்லவில்லை. சொல்ல முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தது.

இத்தனை பட்ட பிறகு சில விஷயங்கள் புரிந்தன. தலை மட்டும் காய்ந்தால் போதாது, காதும் பிடரியும் காய வேண்டும். மூக்குக் கண்ணாடி போட்டவனுக்கு நெற்றிக்கு முன்னால் ஒரு நீட்டம் வேண்டும், இல்லாவிட்டால் சாலை தெரியாது. கை இரண்டும் சும்மா இருக்க வேண்டும். உள்ளே காற்று போக வேண்டும். இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, படமும் வரைந்து, டெய்லரிடம் கொண்டுபோனேன்.

டெய்லர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன துணியில தைக்கிறது சார்?"

"தண்ணி எறங்காத துணி."

"அப்ப ரெக்சின்தான். சைக்கிள் சீட்டு கவர் தைச்ச மிச்சம் கெடக்கு."

"அது போதுமா?"

"தாராளமா. சீட்டும் தலையும் ஒரே அளவுதான் சார் உங்களுக்கு."

அவர் கேலி செய்தாரா, உண்மையிலேயே அளந்துதான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முன்னால் நீட்டம், பின்னால் பிடரி மடல், காதுக்கு இரண்டு காது, நடுவில் காற்றுக்கு ஆறு ஓட்டை என்று ஒரு தொப்பி வந்தது. ஓட்டை வழியாகக் காற்றும் போயிற்று, மழையும் போயிற்று. "மழையில இந்த மனுஷனுக்கு எல்லாம் நனையலாம், தலை மட்டும் நனையக் கூடாது" என்று என் மனைவி விசாலம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இவ்வளவும் பண்ணிக்கொண்டிருந்த காலம் முழுவதும் நான் கண்டுபிடிக்க முயன்ற பொருள் என் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தது. நடவு வயலில் குனிந்து நிற்கிற ஒவ்வொரு பெண்ணின் தலையிலும் அது இருந்தது. யூரியா சாக்கின் அடி மூலை ஒன்றை இன்னொரு மூலைக்குள் செருகினால் கூம்பு மாதிரி ஒரு முக்காடு கிடைக்கும். கொங்காணி என்பார்கள். நெற்றிக்கு முன்னால் நீட்டம் இருக்கும். காது, பிடரி, முதுகு எல்லாம் மூடும். கை இரண்டும் சும்மா இருக்கும். முன்பக்கம் திறந்திருப்பதால் உள்ளே காற்று போகும். என் நோட்டில் எழுதிய நான்கும் ஒரு சாக்கில் இருந்தன, டெய்லர் இல்லாமல்.

எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஐம்பது சாக்கு அடுக்கியிருந்தது. நான் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன்.

பி.பி. நம்பர்

போன வாரம் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்த கதையை எழுதினேன். எங்கள் ஊருக்கு அதுதான் இரண்டாவது போன். முதல் போன் ரைஸ்மில்காரர் வீட்டில் இருந்தது. அவர் யாரையும் உள்ளே விடமாட்டார். ஆகவே சுற்று வட்டாரத்தில் துபாயிலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் இருந்த அத்தனை பேரும் எங்கள் நம்பரை எழுதி, பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் போன் என்று அர்த்தம். சிலருக்குப் பக்கத்து வீடு ஒன்றரை மைல் தள்ளி இருந்தது, அவ்வளவுதான்.

தேசத்தின் கதவைத் திறந்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. டவுனில் மூலைக்கு மூலை மஞ்சள் போர்டு போட்ட எஸ்.டி.டி. பூத் வந்தது. எங்கள் ஊருக்கு அது வரச் சில வருடங்கள் ஆயின. அதுவரை என் வீட்டு முன்னறைதான் பூத். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமை என் வீட்டில் கூட்டம்.

ரஹ்மத் ஒரு திங்கட்கிழமை வந்தாள். அவள் கணவன் சலீம் சவுதியில் ஒரு கம்பெனியில் டிரைவர். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும் அவளுக்கு. ஏர்மெயில் கடிதத்தைக் கையில் மடித்து வைத்திருந்தாள்.

"சார், வர்ற வெள்ளிக்கெழம போன் பண்றேன்னு எழுதியிருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு, இல்லாட்டி ஊருக்குப் போன்னு கபில் சொல்றானாம். என்ன பண்ணட்டும், நீயே சொல்லுன்னு எழுதியிருக்காங்க."

கபில் என்றால் அங்கே வேலைக்கு வைத்திருக்கிற அரபி.

"நீ என்ன சொல்லப் போறே?" என்று விசாலம் கேட்டாள்.

"வாங்கன்னுதான் சொல்லணும் அக்கா. மாமி இடுப்பு ஒடைஞ்சு படுத்த படுக்கையா கெடக்கு. மவனைப் பாக்காமலே போயிடுவேன்னு தெனம் அழுவுது. எனக்கும்..." அவள் கடிதத்தை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள். "கல்யாணமாகி ஆறு வருஷம். அவங்களோட நான் இருந்தது அஞ்சு மாசம் அக்கா."

"அதைக் கடுதாசியில எழுதிப் போடேன்."

"போய்ச் சேர ரெண்டு வாரம் ஆவும். வெள்ளிக்கெழமைக்குள்ள கபிலுக்குப் பதில் சொல்லணுமாம்."

முந்திய வெள்ளிக்கிழமையும் அவள் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். லைன் கிடைக்கவில்லை. படுக்கையில் கிடக்கிற மாமியாரை இன்னொரு நாள் முழுக்க விட்டுவிட்டு வர முடியாது. அது அவள் சொல்லாமலே தெரிந்தது. நான் பெரிய மனது பண்ணினேன்.

"நீ வீட்டுலயே இரு. போன் வந்ததும் நானே சைக்கிள்ல வந்து கூப்பிடுறேன். பத்து நிமிஷம்."

"மழையா இருக்கே சார்."

"மழைக்கெல்லாம் என்கிட்ட வழி இருக்கு."

விசாலம் சிரித்தாள். ரஹ்மத் சிரிக்கவில்லை. அவள் என்னை நம்பினாள்.

மோட்டார் கொட்டகை

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கு மழை விடுமுறை. மூன்றேமுக்கால் மணிக்குப் போன் வந்தது. இரைச்சலுக்கு நடுவே சலீமின் குரல்.

"சார், ரஹ்மத்து இருக்கா?"

"வீட்டுல இருக்கு. இதோ போய் அழைச்சிட்டு வரேன்."

"அரை மணி கழிச்சுப் போடுறேன் சார். இது கபில் ஆபீஸ் போன். அவன் அஸர் தொழுவப் போறதுக்குள்ள பதில் சொல்லியாகணும். அதுக்கப்புறம் பேச முடியாது சார்."

"தாராளம்பா. பத்து நிமிஷம்."

இரண்டாவது முறையாகப் பத்து நிமிஷம் என்றேன்.

ரெக்சின் தொப்பி, அதற்கு மேல் குடை என்று கிளம்பினேன். ஆற்றங்கரை திரும்புகிற இடத்தில் காற்று குடையை மடக்கியது. குடையை இரண்டு கையாலும் பிடித்தபோது தொப்பி பறந்தது. வாய்க்காலில் மிதந்து போவதைப் பார்த்தேன். கவிழ்ந்த ஆமை மாதிரி, ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே போயிற்று. நான் தலையைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்த மோட்டார் கொட்டகைக்குள் சைக்கிளோடு ஓடினேன்.

ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன். வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு நிலை உண்டானால் மழை ஒரு நிமிடத்தில் விடாது என்று கரும்பலகையில் படம் போட்டு இருபது வருடமாக நடத்தி வருகிறவன் நான். அந்த ஆள்தான் கூரை விளிம்பில் கையை நீட்டி, விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது அஞ்சலை வரப்பில் வந்தாள். எங்கள் வயலில் நடவுக்கும் களைக்கும் வருகிறவள். தலையில் கொங்காணி. கையில் மடித்த இன்னொரு சாக்கு. என்னைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"என்னங்கய்யா, இங்க நிக்கிறீங்க?"

"ரஹ்மத் வீட்டுக்குப் போகணும். அவ வீட்டுக்காரன் போன் பண்ணியிருக்கான். மழை விடட்டும்னு நிக்கிறேன்."

"இது எங்கய்யா விடும். ராவெல்லாம் அடிக்கும்." கையிலிருந்த சாக்கை உதறி, மூலையைச் செருகி, நீட்டினாள். "இந்தாங்க, இதைப் போட்டுக்கிட்டுப் போங்க. காஞ்ச சாக்குதான். கொஞ்சம் உர வாசம் அடிக்கும்."

"வேண்டாம் அஞ்சலை. எனக்கு சைனஸ் இருக்கு."

"அப்படின்னா?"

"தலையில நீர் கோத்துக்கும். நனையக் கூடாது."

"நனையாம இருக்கத்தானேங்கய்யா இதைக் குடுக்குறேன்."

பூகோளத்தில் எம்.ஏ. படித்தவன் நான். வேறு சாக்கு தேடினேன்.

"உர வாசனை ஒத்துக்காது. நீ போ" என்றேன்.

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். சாக்கை மறுபடி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வந்த திசையில் போய்விட்டாள்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். உர வாசனை காரணமில்லை. என் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நான் தினமும் முகர்கிற வாசனைதான் அது. சைனஸும் காரணமில்லை. சாக்கைப் போட்டுக்கொண்டு அந்தச் சாலையில் போனால், தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நான் யாராகத் தெரிவேன்? அஞ்சலையின் ஆட்களில் ஒருவனாகத் தெரிவேன். என் வயலில் இறங்கி வேலை செய்கிறவர்கள் போடுவதை நான் போடுவதா? பட்டுப்புடவைப் பையைத் தலையில் கட்டிக்கொண்டு ஊர் சிரிக்கப் போயிருக்கிறேன். அதில் எனக்குக் கூச்சம் இல்லை. அது படித்தவனின் கிறுக்குத்தனம். சாக்கு அப்படியில்லை.

இதை நான் அந்த நிமிடம் இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்கவே தேவையில்லாத அளவுக்கு அது எனக்குள் இருந்தது. அதுதான் இன்னும் கேவலம்.

மழை சற்றுத் தணிகிற மாதிரி இருந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது நிமிடம் போயிருந்தது. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு மிதித்தேன்.

"புரியுது அக்கா"

ரஹ்மத் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"எப்ப சார் வந்துச்சு போன்?"

"இப்பத்தான். கெளம்பு."

பக்கத்து வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, துப்பட்டியைத் தலையில் இழுத்துக்கொண்டு அவள் நடக்க ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் வேகத்துக்கு என்னால் தள்ள முடியவில்லை. வாய்க்காலின் தரைப்பாலத்தைத் தாண்டினோம். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போயிற்று, ஆனால் பாலத்துக்கு ஒரு முழம் கீழே போயிற்று. அவள் உதடு மட்டும் அசைந்தது. சொல்லப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள் என்று தோன்றியது.

வீட்டு வாசலில் விசாலம் நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மூணு தடவ போட்டாரும்மா. மூணாவது தடவ ரொம்ப நேரம் லைன்லயே இருந்தாரு. இதோ வந்துடுவா, இவரு போயிருக்காருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அங்கேருந்து இங்க வர அரை மணி போதுமே அக்கான்னாரு. அப்புறம், புரியுது அக்கா, வெச்சுடுறேன்னு வெச்சுட்டாரு."

ரஹ்மத் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புரியுதுன்னாங்க அக்கா?"

எங்கள் போனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது. கூப்பிட நம்பரும் இல்லை. ரஹ்மத் என் பக்கம் திரும்பினாள்.

"சார் எப்பவோ கெளம்பியிருக்கீங்களா?"

மோட்டார் கொட்டகை என்று சொல்லியிருக்கலாம். வாய் வேறு ஒன்றைச் சொல்லிற்று.

"தரைப்பாலத்துல தண்ணி பொரண்டு ஓடிச்சும்மா. முழங்கால் அளவு. வடியற வரைக்கும் நிக்கும்படி ஆயிடுச்சு."

சற்று முன்புதான் அவள் அந்தப் பாலத்தில் நடந்து வந்தாள். கீழே ஒரு முழம் இடைவெளி விட்டுத் தண்ணீர் போனதை அவளும் பார்த்தாள். ஆனால் சொல்வது சார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க சார்" என்றாள்.

விசாலம் என் சட்டையைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள், பிறகு கைக்குட்டை மூடிய தலையைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அன்று முதல் மழையைப் பற்றி அவள் என்னைக் கேலி செய்ததில்லை. நான் அதற்குப் பழகிக்கொண்டேன்.

சலீம் கையெழுத்துப் போட்டுவிட்டான். ரஹ்மத் கடிதம் எழுதினாள். உங்களை வரச் சொல்லத்தான் ஓடி வந்தேன், தரைப்பாலத்தில் வெள்ளம், அதற்குள் போன் வைத்துவிட்டீர்கள் என்று எழுதினாள். அதை அவளே என்னிடம் சொன்னாள். "சார் சொன்னதை அப்படியே எழுதிட்டேன்" என்றாள். வழக்கமாக வாரம் ஒரு கடிதம் எழுதுகிற சலீமிடமிருந்து அதற்குப் பதில் வர இரண்டு மாதமாயிற்று. அதில் அம்மாவின் உடம்பைப் பற்றி மட்டும் கேட்டிருந்தான்.

அடுத்த ரமலான் மாதத்தில் அந்த அம்மா இறந்துபோனார். சலீம் போன் செய்தால் சொல்லச் சொல்லி என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். நான் போய் நின்றேன். மகன் வரவில்லையே என்று கூட்டத்தில் யாரோ சொன்னபோது நானும் உச்சுக்கொட்டினேன். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

அஞ்சலையைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனது தனிக் கதை. அவள் யாரிடமாவது சொல்லிவிடுவாளோ என்று பயம். அவள் அதை அன்றே மறந்திருப்பாள். எவனோ ஒருவன் மழையில் நின்றான், சாக்கு கொடுத்தால் வேண்டாம் என்றான். அவள் வாழ்க்கையில் அது எத்தனையாவது 'வேண்டாம்' என்று எனக்கென்ன தெரியும்.

மழைக்கோட்டு

இரண்டு வருடம் கழித்து சலீம் லீவில் வந்தான். மூன்று மாத லீவு. வந்த மூன்றாம் நாள் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு ஒரு பொட்டலம் கொண்டு வந்திருந்தான். பிரித்தால் மழைக்கோட்டு. தலைக்கு மூடி வைத்தது, தாடைக்குக் கீழே இழுத்துக் கட்ட நாடா, நெற்றிக்கு முன்னால் ஒரு நீட்டம். அந்த ஊரில் மழையே கிடையாது. எங்கே தேடிப் பிடித்தானோ.

"ரஹ்மத்துக்காக மழையில போனீங்கன்னு எழுதியிருந்தா. அதான் சார்."

"எதுக்குப்பா இதெல்லாம்."

அவன் என் முகத்தையே பார்த்தான்.

"அன்னிக்கு தரைப்பாலத்துல தண்ணி போச்சா சார்?"

கதவருகே நின்றிருந்த ரஹ்மத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சாட்சி தேவைப்படுகிறது என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கு உதவி செய்கிற சந்தர்ப்பம் வந்துவிட்டதாக நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா?

"போச்சுப்பா. இந்த அளவுக்கு" என்று கையை முழங்காலில் வைத்துக் காட்டினேன்.

"சரி சார்" என்றான்.

நாற்பதாவது நாள் அவன் கிளம்பிப் போய்விட்டான். அதன் பிறகு இன்னும் எட்டு வருடம் அங்கேயே இருந்தான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வந்து போனான். ஒரு பெண் பிறந்தாள். பிறகு ஒரு வழியாக ஊரோடு வந்து, கடைத்தெருவில் செருப்புக்கடை வைத்தான்.

கோட்டை நான் ஒரே ஒரு முறை போட்டேன். சரியாக இருந்தது. தலையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. பாதி வழியில் கழற்றி கேரியரில் வைத்துக்கொண்டு நனைந்துகொண்டே போனேன். மூக்கு அடைக்கவில்லை. எனக்கு சைனஸ் இல்லை என்பது ஐம்பதாவது வயதில் அப்படித்தான் தெரிந்தது.

சென்ற மாதம்

எனக்கு இப்போது எண்பதை நெருங்குகிறது. விசாலம் போய் நான்கு வருடமாகிறது. இந்தத் தொடரை எழுத ஒப்புக்கொண்ட நாளிலிருந்தே இந்த அத்தியாயம் எனக்காகக் காத்திருந்தது. எழுதுவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று சென்ற மாதம் ஓர் ஆட்டோ பிடித்துப் போனேன்.

சலீம் நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். ரஹ்மத் தரையில் முறத்தை வைத்துக்கொண்டு பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க சார், வாங்க" என்று எழுந்தாள். உட்காரச் சொன்னேன். திட்டுவார்கள், ஒருவேளை அழுவார்கள், கடைசியில் மன்னிப்பார்கள் என்று வரிசையாக எதிர்பார்த்து வந்திருந்தேன். மன்னித்த பிறகு என்ன சொல்வது என்பதைக்கூட ஆட்டோவில் தயார் செய்திருந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். மோட்டார் கொட்டகை, சாக்கு, இருபது நிமிடம்.

சலீம் டி.வி.யை நிறுத்தினான்.

"தரைப்பாலத்துல தண்ணி போகல."

"போகல சலீம்."

"அது எனக்கு அப்பவே தெரியும் சார். எங்க சாச்சா மவன் அந்நேரத்துக்கு அந்தப் பாலத்துலதான் வண்டியில வந்திருக்கான். விசாரிச்சு எழுதுடான்னேன். எழுதியிருந்தான்."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்து கேட்டே?"

"நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். இல்லன்னா என்ன நடந்துச்சுன்னு கேக்கலாம்னு இருந்தேன். நீங்க முழங்காலைத் தொட்டுக் காமிச்சீங்க." அவன் தன் முழங்காலைப் பார்த்தான். "இவதான் உங்களை அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கான்னு நெனச்சேன் சார். நான் வர்றது இவளுக்குப் புடிக்கல. நேராச் சொல்ல மனசு வராம, போனுக்கு வராம இருந்துட்டா. சாரையும் சேத்துக்கிட்டான்னு."

வரச் சொல்லத்தான் ஓடி வந்தேன் என்று அவள் எழுதியது உண்மை. அதை என் பொய்யோடு சேர்த்து ஒரே உறையில் போட்டு ஒட்டியதால் அதுவும் பொய்யாகிவிட்டது. முப்பது வருடமாக நான் ஒரு போன் காலைத் தவறவிட்டவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரஹ்மத்தின் கை முறத்தில் அப்படியே நின்றிருந்தது.

"அதனாலதான் மூணு மாசம்னு வந்துட்டு நாப்பது நாள்ல கெளம்பினீங்களா?"

சலீம் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தான்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்னு அன்னிலேருந்து யோசிச்சுக்கிட்டிருக்கேன். சமையலா, பேச்சா, மாமியைச் சரியாப் பாக்கலைன்னு யாராவது சொல்லிட்டாங்களான்னு."

"ஒரு வார்த்தை நீ கேட்டிருக்கலாம்ல."

"நீங்க கேட்டிருக்கலாம்ல."

நான் குறுக்கே புகுந்தேன். "தப்பு முழுக்க என்னுதும்மா, நான் அன்னிக்கு மட்டும்..."

"சார், கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் ரஹ்மத். என் பக்கம் திரும்பவில்லை.

சும்மா இருந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. நான் கொண்டுபோன குற்றத்தை அங்கே யாரும் கையில் வாங்கவில்லை. அவர்களுக்கு அதைவிடப் பெரிய வேலை வந்துவிட்டது. எழுந்து "வரேன்" என்றேன். அந்த வீட்டில் டீ குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லாத ஒரே நாள் அதுதான்.

வாசலில் செருப்பை மாட்டும்போது சலீமின் குரல் கேட்டது.

"சொல்லு. அன்னிக்கு போன்ல என்னான்னு சொல்ல வந்தே?"

ஒரு காலில் செருப்போடு, அவள் பதிலைக் கேட்க நின்றேன். பிறகுதான் உறைத்தது, அது எனக்கு வந்த போன் இல்லை. இன்னொரு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆட்டோவை நோக்கி நடந்தேன்.